ஐபாடுக்குச் சின்ன ஸ்பீக்கர் டாக்: எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

ஐபாடை மேலே உட்கார்த்திப் பாட்டுக் கேட்கவும் கூடவே சார்ஜ் ஏற்றவும் செய்த ஸ்பீக்கர் பெட்டிதான் டாக். அதை வாங்கப் புறப்படுமுன் உங்கள் ப்ளேயரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் துளைதான் பாதி முடிவை எடுக்கும். சுமார் 2 செ.மீ. அகலத்துக்கு ஒல்லியான வாய் இருந்தால் அது 30 பின் கனெக்டர். 7 மி.மீ.கூட அகலமில்லாத சின்னத் துளை என்றால் லைட்னிங். இரு முனையும் வளைந்த முட்டை வடிவத் துளை டைப்-சி. ஹெட்போன் துளை மட்டும்தான் இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது ஐபாட் ஷஃபிள் மாதிரி ஒன்று. அதற்கு டாக் தேவையில்லை, ஆக்ஸ் துளை (வெளியிலிருந்து ஒயரில் பாட்டு உள்ளே வரும் வழி) உள்ள எந்த ஸ்பீக்கரும் போதும்.

ஆப்பிள் ஐபாட் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது 2022 மே மாதத்தில். 30 பின் டாக்குகள் அதற்கு வெகுகாலம் முன்பே கடை அலமாரியைவிட்டு இறங்கிவிட்டன. ஆகவே இன்று டாக் வாங்குவது என்றால் பெரும்பாலும் பழைய பொருள் வாங்குவதுதான்: ஆன்லைனில் யாரோ விற்பது, சென்னை ரிச்சி தெருவில் ஏதோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையின் மேல்தட்டில் தூசியோடு இருப்பது, அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து பரணில் ஏறிப்போனது. பழைய பொருள் என்பதால் பார்க்கவேண்டியவையும் வேறு. புதிய ஸ்பீக்கரில் சத்தம் எப்படி என்று பார்ப்போம். பழைய டாக்கில் ஸ்பீக்கர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது கனெக்டர், அடாப்டர், பேட்டரி இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

எந்தத் துளைக்கு எந்த டாக்

30 பின் கனெக்டர் 2003-இல் மூன்றாம் தலைமுறை ஐபாடோடு வந்தது. அதற்கு முந்தைய இரண்டு தலைமுறைகளுக்கும் ஃபயர்வயர் (யு.எஸ்.பி. போன்ற இன்னொரு கேபிள் முறை) துளை தலையில்தான் இருந்தது. அவை எந்த டாக்கிலும் உட்காராது. 2003-க்குப் பிறகு வந்த ஐபாட் வகைகளில் மினி, நேனோவின் முதல் ஆறு தலைமுறை, கிளாசிக், டச்சின் முதல் நான்கு தலைமுறை, ஐபோன் 4எஸ் வரை எல்லாம் 30 பின். 2012 செப்டம்பரில் ஐபோன் 5 லைட்னிங்கோடு வந்தது. அந்த வருடமே ஏழாம் தலைமுறை நேனோவும் ஐந்தாம் தலைமுறை டச்சும் லைட்னிங்குக்கு மாறின. கிளாசிக் மட்டும் 2014-இல் நிறுத்தப்படும்வரை 30 பின்னிலேயே இருந்தது.

மற்ற கம்பெனிகளின் ப்ளேயர்களில் ஒரு பொறி உண்டு. சான்டிஸ்க்கின் சான்சா, மைக்ரோசாஃப்ட்டின் ஜூன் (Zune) ஆகியவற்றின் கனெக்டர்கள் தூரத்திலிருந்து பார்த்தால் ஆப்பிளின் 30 பின் போலவே தெரியும். பொருந்தாது. ‘கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்’ என்று அழுத்தினால் டாக்கின் பின்தான் வளையும். சோனி வாக்மேனிலும் பல வருடம் 22 பின் கொண்ட தனி போர்ட் இருந்தது. அதற்கென்று சோனியே செய்த டாக்குகளில்தான் அது உட்காரும். 2019-இல் வந்த ஏ100 வரிசையிலிருந்து வாக்மேன் டைப்-சிக்கு மாறியது. இப்படிப்பட்ட ப்ளேயர் உங்களிடம் இருந்தால் இங்கேயே டாக் தேடுவதை நிறுத்திவிட்டு, ஆக்ஸும் ப்ளூடூத்தும் உள்ள சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் சாய்த்து வைக்க ஒரு போன் ஸ்டாண்டையும் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

30 பின்னுக்கும் லைட்னிங்குக்கும் உள்ள வித்தியாசம் வடிவத்தோடு முடிவதில்லை. 30 பின்னில் 3, 4 என்ற இரண்டு பின்கள் வழியே வலது, இடது ஒலி அனலாகாகவே வெளியே வருகிறது. 2-ஆம் பின் அதற்கான எர்த். இதற்கு லைன் அவுட் என்று பெயர். ப்ளேயரின் வால்யூமை ஏற்றினாலும் இறக்கினாலும் இதன் அளவு மாறாது; ஹெட்போனுக்கான சின்ன ஆம்ப்ளிஃபையரைத் தொடாமல் வருவதால் சுத்தமாகவும் இருக்கும். டாக்கில் ப்ளேயரை உட்கார்த்திக் கேட்பதற்கும் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் போட்டுக் கேட்பதற்கும் உண்மையான வித்தியாசம் இதுதான். லைட்னிங்கில் அனலாக் ஒலியே கிடையாது. டிஜிட்டலாக வருவதை டாக்குக்குள்ளோ இடையில் போடும் அடாப்டருக்குள்ளோ இருக்கும் டி.ஏ.சி. சிப்தான் ஒலியாக்கித் தரவேண்டும்.

லைட்னிங் ப்ளேயரைப் பழைய 30 பின் டாக்கில் மாட்ட ஆப்பிள் ஓர் அடாப்டர் விற்றது. அதில் அந்தச் சிப் உண்டு, பாட்டும் வரும், சார்ஜும் ஏறும். சந்தையில் அதே வெள்ளை நிறத்தில், அதே உருவத்தில், பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்கும் போலிகள் பலவற்றில் சிப் இல்லை. சார்ஜ் மட்டும் ஏறும், சத்தம் வராது. வாங்கியவர் டாக் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். இன்னொரு தொல்லை: அடாப்டர் போட்டதும் ப்ளேயர் சற்று மேலே ஏறி நின்றுகொள்ளும். பின்னால் முதுகுத் தாங்கல் எட்டாது. விரல் பட்டால் மொத்த எடையும் கனெக்டரின் வேர்மேல் விழும்.

சார்ஜ் ஏறாத டாக்

பழைய டாக் வாங்கியவர்கள் மிகுதியாக ஏமாறுவது இந்த இடத்தில்தான். பாட்டு அருமையாக வரும், ஆனால் இரவு முழுக்க டாக்கில் இருந்த ப்ளேயர் காலையில் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். டாக்கும் நன்றாக இருக்கிறது, ப்ளேயரும் நன்றாக இருக்கிறது, ஜோடிதான் சரியில்லை.

30 பின் கனெக்டருக்குள் மின்சாரம் போக இரண்டு வழிகள் உண்டு. 19, 20 பின்கள் ஃபயர்வயர் வழி. அதில் டாக்குகள் கொடுத்தது 12 வோல்ட். 23-ஆம் பின் யு.எஸ்.பி. வழி, 5 வோல்ட். ஆரம்பகால டாக்குகளில் பல 12 வோல்ட் வழியை மட்டுமே பயன்படுத்தின. 2008-இல் வந்த ஐபோன் 3ஜி, இரண்டாம் தலைமுறை டச், நான்காம் தலைமுறை நேனோ ஆகியவற்றில் ஆப்பிள் அந்த வழியை அடைத்துவிட்டது. விளைவு, 2004-இல் வந்த ஒரு டாக்கில் 2010-இல் வந்த டச்சை வைத்தால் பாட்டு மட்டும்தான். தலைகீழாகவும் நடக்கும்: 2003-இன் மூன்றாம் தலைமுறை ஐபாட் ஃபயர்வயர் வழியில் மட்டுமே சார்ஜ் ஏறும், 5 வோல்ட் மட்டும் தரும் புது டாக்கில் அது பட்டினிதான்.

டாக்கின் அடியில் உள்ள லேபிளைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஐபோனுக்கும் பொருந்தும் என்று பெட்டியிலோ அடியிலோ அச்சிட்டிருந்தால் 5 வோல்ட் இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியான வழி ஒன்றே: உங்கள் ப்ளேயரை அதில் உட்கார்த்தி, பேட்டரிப் படத்தில் மின்னல் குறி வருகிறதா என்று பார்ப்பது. முழுச் சார்ஜோடு கொண்டுபோனால் சில ப்ளேயர்களில் குறி மாறுவது சரியாகத் தெரியாது. பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு எடுத்துப்போங்கள்.

12 வோல்ட்டை 5 ஆக்கித் தரும் இடை அடாப்டர்கள் அந்தக் காலத்தில் விற்றன. இப்போது தேடிப் பிடிக்கும் நேரத்துக்கு வேறு டாக் வாங்கிவிடலாம்.

ஆக்ஸ் இல்லையா, வேண்டாம்

இதில் சமரசமே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. பின்பக்கம் 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை இல்லாத டாக்கைச் சும்மா கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள். கனெக்டர் என்றாவது ஒருநாள் போகும். ப்ளேயரும் ஒருநாள் போகும். ஆக்ஸ் இருந்தால் அன்றும் அது ஸ்பீக்கர். இல்லாவிட்டால் அது காகித எடைக்கல். போஸ் சவுண்ட்டாக் 2004-இல் வந்தபோது அதில் ஆக்ஸ் கிடையாது. இரண்டாம் வரிசையில்தான் சேர்த்தார்கள். இரண்டும் எதிரே நின்று பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே விளம்பரத்தில் முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஆக்ஸ் இருந்தும் அது தொல்லை தரும் டாக்குகள் உண்டு. சிலவற்றில் ப்ளேயர் உட்கார்ந்திருந்தால்தான் டாக்குக்கு உயிரே வரும். ஆக்ஸில் ஒயர் போட்டால் மட்டும் விழிக்காது. சிலவற்றில் சிக்னல் சில நிமிடம் மெலிந்தாலே தானாக அணைந்துவிடும் ஏற்பாடு இருக்கும்: மெல்லிய ஆலாபனை போய்க்கொண்டிருக்கும்போது பட்டென்று நிசப்தம். இதற்கு மருந்து, ப்ளேயரின் வால்யூமைக் கிட்டத்தட்ட 80 சதவீதத்தில் வைத்துவிட்டு, சத்தத்தைக் குறைப்பதை டாக்கில் செய்வது. முழுதாக 100-இல் வைத்தால் சில ப்ளேயர்களின் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் உரத்த இடங்களில் பிசிறடிக்கும்.

ஆக்ஸில் கேட்டுக்கொண்டே ப்ளேயரைத் தனி சார்ஜரில் போட்டால் ‘ஙொய்ய்’ என்ற இரைச்சலோ உறுமலோ கிளம்பலாம். சார்ஜரும் டாக்கும் எர்த்தை இரண்டு வழியில் பகிர்ந்துகொள்வதால் வருவது அது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உடனே நின்றால் டாக்கில் குறையில்லை. ஆக்ஸ் ஒயரின் நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

சத்தம்: வாட்ஸை நம்பாதீர்கள்

பி.எம்.பி.ஓ. (ஒரு கண நேர உச்ச வாட்ஸ்) என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) என்று எழுதியிருந்தாலும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அவுட்புட் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றால் 18 வாட்ஸ். 18 வாட்ஸ் உள்ளே போகும் பெட்டியிலிருந்து தொடர்ந்து 50 வாட்ஸ் வெளியே வராது. 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் என்றால் மொத்தமே 5 வாட்ஸ். அதில் ப்ளேயர் சார்ஜுக்கு அரை ஆம்பியர் இழுத்தால் பாட்டுக்கு மிஞ்சுவது 2.5 வாட்ஸ். சார்ஜ் ஏறும்போது மட்டும் டிரம் அடியில் சத்தம் நொண்டுகிறது என்றால் காரணம் இதுதான்.

வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று தோன்றும், அவ்வளவே. காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். பத்துக்குப் பத்து அடி படுக்கையறைக்குப் பக்கத்துக்கு 5 வாட்ஸ் வீதம் உண்மையான வாட்ஸ் தாராளம். நான்கு டபுள்-ஏ செல்லில் ஓடும் குட்டி டாக்குக்குப் பக்கத்துக்கு 3 வாட்ஸ் வந்தாலே நல்ல வடிவமைப்பு. சமையலறை மேடைக்கு அது போதும். மொட்டை மாடிக்குப் போதாது.

வாட்ஸைவிடக் கோனின், அதாவது ஸ்பீக்கரில் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பின், அளவு முக்கியம். சின்னக் கோன் ஏன் பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) தராது என்பதற்குக் கணக்கு இருக்கிறது: ஒரே சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போகவேண்டும். 200 ஹெர்ட்ஸில் கால் மி.மீ. அசையும் கோன், 50 ஹெர்ட்ஸில் அதே சத்தம் தர 4 மி.மீ. அசையவேண்டும். 2 அங்குலக் கோனுக்கு அந்த மூச்சு கிடையாது. ஆகவே 2 அங்குல ஸ்பீக்கர் இரண்டு வைத்த டாக்கில் பேஸ் கித்தாரின் அடிக்கம்பி (அதன் ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ்) உண்மையில் ஒலிப்பதே இல்லை. அதன் மேல் ஸ்வரங்களைக் கேட்டு மூளையே அடியை நிரப்பிக்கொள்கிறது.

இந்த இடத்தில் வடிவமைப்பாளர்கள் கைகொடுப்பது இரண்டு வழியில். ஒன்று, பெட்டியில் துளை போட்டுக் குழாய் வைப்பது. மற்றது பேஸிவ் ரேடியேட்டர்: மின்சாரம் இல்லாமல், உள்ளே அழுத்தப்படும் காற்றால் மட்டும் அசையும் கோன். சின்னப் பெட்டிக்கு இரண்டாவது நல்லது. மிகச் சின்னப் பெட்டியில் குழாய் வைத்தால் காற்று உரசி ‘புஸ் புஸ்’ என்று கேட்கும்.

கேட்டுப் பார்ப்பதற்கு உங்களுக்கு மனப்பாடமான மூன்று துண்டுகளை எடுத்துப்போங்கள். தம்புரா தெளிவாகக் கேட்கும் ஒரு கச்சேரிப் பதிவு: நின்று ஒலிக்கும் ஸ்வரத்தில் பெட்டியின் அதிர்வு, பிளாஸ்டிக்கின் கிறுகிறுப்பு எல்லாம் உடனே அம்பலமாகும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ‘கும்’மென்று வரும் ஒரு தனி ஆவர்த்தனம்: ஒவ்வொரு அடியும் தனியாக நிற்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருளுகிறதா என்று கவனியுங்கள். மூன்றாவது வெறும் பேச்சு. ஆண் குரல் தொண்டை கட்டியது மாதிரியோ குடத்துக்குள்ளிருந்து வருவது மாதிரியோ கேட்டால் அந்த டாக்கைப் பிறகு எந்தப் பாட்டும் காப்பாற்றாது. கடையில் பேஸ் பூஸ்டைப் போட்டு, வால்யூமைப் பாதியில் வைத்துக் காட்டுவார்கள். அதை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு முக்கால் வால்யூமுக்கு ஏற்றுங்கள்; நிறைய டாக்குகள் அங்கே பேஸைத் தாமாகவே விழுங்கிக்கொள்ளும்.

ஒரு அடி நீளப் பெட்டியில் ஸ்டீரியோ என்பது மேசையில் முகத்துக்கு நேரே வைத்துக் கேட்கும்வரைதான். ஆறடி தள்ளிப் போனால் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வரும். ‘3டி சரவுண்ட்’ பொத்தானுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தரவேண்டாம்.

அடாப்டரும் பேட்டரியும்

வெளிநாட்டிலிருந்து வந்த டாக்கைச் சுவரில் செருகுமுன் அடாப்டரின் இன்புட் வரியைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் கவலையில்லை, பின் மாற்றும் பிளக் போதும். 120 மட்டும் இருந்தால் அது அமெரிக்கக் கரண்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் செருகினால் சில நொடிகளில் புகை. கையில் எடுத்தால் கனமாக, கல் போல இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள்தான் பெரும்பாலும் இப்படி.

மாற்று அடாப்டர் வாங்கும்போது நான்கு விஷயங்கள் பொருந்தவேண்டும். வோல்ட் அதே எண்ணாக இருக்கவேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ் நடுவிலா வெளியிலா என்பதை லேபிளில் வட்டத்துக்குள் புள்ளி போட்ட சின்னப் படம் சொல்லும். அது டாக்கின் படத்தோடு ஒத்துப்போகவேண்டும். அவுட்புட் டி.சி.யா ஏ.சி.யா என்பது நான்காவது. ஆம், சில பழைய டாக்குகளுக்கு ஏ.சி. அவுட்புட் தரும் அடாப்டர்தான். அந்த வார்த்தையைக் கவனிக்காமல் டி.சி. போட்டுவிட்டு டாக் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது சகஜம். நான்கைந்து பின் உள்ள வட்டப் பிளக் என்றால் அதில் பிளஸ், மைனஸ் என இரண்டு வோல்ட்கள் தனித்தனியே வரலாம். அந்த டாக்கை அதன் அசல் அடாப்டர் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

பேட்டரியில் ஓடும் டாக்கில் சாதாரண டபுள்-ஏ செல் போடும் வகையே நீண்டகாலத்துக்கு நல்லது. உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்தவை பத்து வருடத்துக்குப் பிறகு உப்பியிருக்கும், இல்லையென்றால் அரைமணி நேரம் தாங்கும். செல் போடும் வகையில் நான்கு அல்கலைன் செல் 6 வோல்ட் தரும். ரீசார்ஜ் செல் நான்கு 4.8 வோல்ட்தான். அதனால் சில டாக்குகள் ரீசார்ஜ் செல்லில் சீக்கிரமே ‘பேட்டரி குறைவு’ விளக்கைக் காட்டும், செல்லின் குற்றமல்ல. பேட்டரியில் ஓடும்போது பல டாக்குகள் ப்ளேயருக்குச் சார்ஜ் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். செல் அறையைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபிரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டால் போய்விடும். ஸ்பிரிங் பச்சையாகி அரித்திருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

வாங்கும் இடத்தில் பதினைந்து நிமிடம்

உங்கள் ப்ளேயர், ஓர் ஆக்ஸ் ஒயர், ஒரு போன், கொஞ்சம் பொறுமை. இவ்வளவு இருந்தால் போதும்.

முதலில் கரண்ட் இல்லாமலே பாருங்கள். கனெக்டரின் நாக்கில் போன் டார்ச் அடித்தால் பின்கள் ஒரே கோட்டில் பளிச்சென்று இருக்கவேண்டும். ஏதாவது ஒன்று உள்ளே புதைந்திருந்தாலோ பச்சைப் பூத்திருந்தாலோ அது கவலைக்குரியது. நாக்கை விரலால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சில டாக்குகளில் வேண்டுமென்றே கொஞ்சம் ஆடும்படி செய்திருப்பார்கள், அது நல்லது. ஆடும்போது ‘க்ரக்’ என்று கேட்டால் அடியில் சால்டர் விட்டிருக்கிறது. ரப்பர் பூச்சுள்ள டாக் நம் ஊர் வெக்கையில் சில வருடத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடும். தொட்டால் விரல் ஒட்டும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் ஐசோபிரொபைலில் நனைத்த துணியால் பூச்சையே உரித்து எடுத்துவிடலாம். பேரம் பேச நல்ல காரணமும்கூட. கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருந்தால் சரி. ஸ்பாஞ்ச் விளிம்பு என்றால் பொடிப்பொடியாக உதிர்கிறதா பாருங்கள்.

அடுத்து கரண்ட் கொடுத்து, ப்ளேயர் இல்லாமலே வால்யூமை முழுதாக ஏற்றி, அரையடி தூரத்தில் காது வையுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ இயல்பு. ‘உம்ம்’ என்ற கனத்த உறுமல் கேட்டால் உள்ளே ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கிறது அல்லது அடாப்டர் தவறானது.

வால்யூமை இறக்கிவிட்டு ப்ளேயரை நேராக மேலிருந்து இறக்குங்கள். சாய்த்துச் செருகவே கூடாது. உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். கனெக்டர் பாதி மட்டும் ஏறி, ஒரு பக்கம் மட்டும் சத்தம் வருவதற்குத் தடித்த உறை ஒரு முக்கியக் காரணம். மின்னல் குறி வந்ததா? இப்போது பழைய மோனோ சினிமாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் கேட்கவேண்டும். ஒரு பக்கம் ஊமையாக இருந்தால் ப்ளேயரை மெல்ல அசையுங்கள்: சத்தம் வந்து வந்து போனால் பின்னில் அழுக்கு. அசைத்தும் வரவில்லையென்றால் போனை ஆக்ஸில் மாட்டுங்கள். ஆக்ஸில் இரு பக்கமும் நன்றாக இருந்தால் கோளாறு கனெக்டரோடு நின்றுவிட்டது, டாக்கை எடுக்கலாம். ஆக்ஸிலும் அதே பக்கம் ஊமை என்றால் ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கரோ போயிருக்கிறது, வைத்துவிட்டு வாருங்கள்.

பின் அழுக்கைப் போக்க, கரண்டைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷில் ஐசோபிரொபைல் தொட்டு நீளவாக்கில் நான்கைந்து முறை தேய்த்தால் போதும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அன்றைக்குச் சரியானது போல இருக்கும், பிறகு தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

கடைசியாக முக்கால் வால்யூமில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். டிரம்மின் ஒவ்வொரு அடிக்கும் விளக்கு மங்கினாலோ டாக் அணைந்து அணைந்து வந்தாலோ அடாப்டரால் தாங்க முடியவில்லை. அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு கூடாது. வால்யூம் திருகும் வகையென்றால் ‘கரகர’வென்று கேட்கலாம், உள்ளே தூசிதான், கரண்ட் இல்லாதபோது இருபது முப்பது முறை முழுதாகத் திருகினால் பாதி சரியாகும். ரிமோட் இருந்தால் அதன் முனையைப் போனின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். ஊதா ஒளி மின்னினால் வேலை செய்கிறது. மின்னவில்லையென்றால் முதலில் பட்டன் செல்லை மாற்றிப் பாருங்கள்.

ஐபோனை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய டாக்கில் பாட்டின் நடுவே ‘டிக்-டிக்-டிக், ட்ர்ர்ர்’ என்று வந்தால் அது 2ஜி சிக்னல். ஜி.எஸ்.எம். போன் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலையை அனுப்பும். கவசமில்லாத ஆம்ப்ளிஃபையர் அதைச் சத்தமாக்கிவிடும். ஐபாடுக்கு மட்டும் செய்த டாக்கில் ஐபோனை உட்கார்த்தினால் ஏரோப்ளேன் மோடுக்குப் போகட்டுமா என்று அது கேட்பதும் இதனால்தான். சம்மதம் கொடுத்தால் சத்தம் நிற்கும், அழைப்பும் நிற்கும்.

கனெக்டர் போன டாக்கையும் ப்ளூடூத் ஆக்கலாம்

கனெக்டர் நன்றாக இருக்கும் டாக் என்றால், அதன் 30 பின் நாக்கில் மாட்டும் கட்டைவிரல் அளவு ப்ளூடூத் ரிசீவர்கள் விற்கின்றன. டைப்-சி ப்ளேயரோ இன்றைய போனோ வைத்திருப்பவருக்குப் பழைய நல்ல ஸ்பீக்கரை உயிர்ப்பிக்க இது மலிவான வழி. ஆனால் இது உயிர்வாழ்வது 23-ஆம் பின்னின் 5 வோல்ட்டில். 12 வோல்ட் மட்டும் தரும் பழைய டாக்கில் பெரும்பாலும் விழிக்காது. தவிர டாக் ரிமோட்டின் வால்யூம் வேலை செய்யும், அடுத்த பாட்டுப் பொத்தான் வேலை செய்யாது.

ஆக்ஸ் உள்ள டாக் என்றால், கனெக்டர் போயிருந்தாலும், ஆக்ஸில் மாட்டும் ப்ளூடூத் ரிசீவரே மேல். 5 வோல்ட்டைத் தனி போன் சார்ஜரிலிருந்து எடுத்துக்கொள்ளும், டாக் எந்த வருடத்தது என்ற கேள்வியே எழாது. ரிசீவர் வாங்கும்போது கோடெக் (ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பட்டியலைப் பார்த்து மயங்கவேண்டாம். ப்ளேயரும் ரிசீவரும் இரண்டுமே உயர்தர கோடெக்கான எல்டாக் பேசினால்தான் எல்டாக். இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து இருவருக்கும் பொதுவான வேறொன்றுக்கு, எதுவும் இல்லையென்றால் அடிப்படையான எஸ்.பி.சி.க்கு, இறங்கிவிடும். 2 அங்குலக் கோனில் அந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பிடிப்பது கஷ்டம்.

வீட்டுக்கு வந்தபின் வைக்கும் இடத்தையும் பாருங்கள். பின்சுவரிலிருந்து ஒரு கை அகலம் விட்டு வைத்தால் குரல் தெளிவாக இருக்கும். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் கூடும், மொத்தொலியும் கூடும். பீரோ மேல் வைத்தால் தகரம் சேர்ந்து பாடும். அடியில் நான்காக மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள்.